பழைய கம்ப்யூட்டரின் விண்டோஸ் லைசென்ஸைப் புதியதில் போட முடியுமா?

மதர்போர்டு போய்விட்டது, ரிப்பேருக்குக் கேட்கும் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டால் புது மெஷினே வாங்கிவிடலாம் என்று முடிவெடுக்கும் நேரத்தில்தான் பலருக்கு இந்தக் கேள்வி வருகிறது. பழையதில் இருந்த விண்டோஸுக்கும் காசு கொடுத்திருக்கிறோமே, அதைப் புதியதில் போட்டுக்கொள்ளலாமா? ஒரு கடைக்காரர் "தாராளமா போடலாம் சார்" என்பார். பக்கத்துக் கடைக்காரர் "அதெல்லாம் ஆகாது, புதுசா வாங்கணும்" என்பார். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். இருவர் மனதிலும் இருப்பது வேறு வேறு வகை லைசென்ஸ். உங்கள் விண்டோஸ் முதன்முதலில் எந்த வழியாக உங்கள் கைக்கு வந்தது என்று தெரிந்தால்தான் யார் சொல்வது உங்களுக்குப் பொருந்தும் என்று தெரியும்.

விண்டோஸ் விற்கப்படும் வழிகளில் நமக்கு வேண்டியவை மூன்று. தனிப் பெட்டியாகக் கடையிலோ, மைக்ரோசாஃப்ட்டின் இணையக் கடையிலோ வாங்குவது ரீட்டெயில். லேப்டாப்போடு சேர்ந்தே வருவதும், அசெம்பிள் செய்து தருபவர் குறைந்த விலையில் போட்டுத் தருவதும் ஓஇஎம். நிறுவனங்கள் மொத்தமாக எடுப்பது வால்யூம். திரையில் பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். ஸ்டார்ட் மெனுவிலோ அப்டேட்டிலோ ஒரு வித்தியாசமும் தெரியாது. வித்தியாசம் எல்லாம் இன்ஸ்டால் செய்யும்போது யாரும் படிக்காமல் 'ஏற்கிறேன்' என்று தட்டிவிட்டுப் போகும் ஒப்பந்தத்தில் இருக்கிறது.

விண்டோஸ் 10, 11 ஒப்பந்தங்களில் இதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. தனியாக வாங்கிய மென்பொருளை உங்களுடைய வேறொரு கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்கிறது அது. இன்னொருவருடைய கம்ப்யூட்டருக்குக்கூட மாற்றலாம். ஆனால் நீங்கள் அந்த லைசென்ஸின் முதல் பயனராக இருக்க வேண்டும், வாங்கிக்கொள்பவர் அதே ஒப்பந்தத்துக்கு உடன்பட வேண்டும். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பழைய கம்ப்யூட்டரிலிருந்து நீக்கிவிட வேண்டும். கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த விண்டோஸுக்கு இந்தச் சலுகை கிடையாது. அதை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டுமானால் அந்தக் கம்ப்யூட்டரையே சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். வீட்டை விற்றால் கிணறும் சேர்ந்து போகும். வீட்டை வைத்துக்கொண்டு கிணற்றை மட்டும் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. ஓஇஎம் லைசென்ஸ் அந்தக் கிணறு மாதிரி.

அப்படியானால் எது வரை அதே கம்ப்யூட்டர்? ராம் கூட்டலாம், ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடலாம், கிராஃபிக்ஸ் கார்டு மாற்றலாம், ஒன்றும் ஆகாது. மதர்போர்டை மாற்றினால்தான் மைக்ரோசாஃப்ட்டின் கணக்கில் அது வேறு கம்ப்யூட்டர் ஆகிறது. இதில் ஒரு விதிவிலக்கு உண்டு: போர்டு பழுதாகி மாற்றினால் பழைய ஓஇஎம் லைசென்ஸே தொடரும். வேகம் வேண்டும் என்று மேம்பட்ட போர்டு வாங்கிப் போட்டால் தொடராது. பிராண்டட் லேப்டாப்பில் வாரண்ட்டியில் போர்டை மாற்றித் தரும்போது, சர்வீஸ் சென்டரே புதுப் போர்டுக்குள் லைசென்ஸுக்கு அடையாளமான 25 எழுத்துக் கீயைப் பதிந்து தர வேண்டும். அதைச் செய்தார்களா என்று மெஷினைத் திரும்ப வாங்கும்போதே பார்த்துவிடுவது நல்லது, வீட்டுக்கு வந்தபின் அலைய வேண்டியிருக்காது.

மெஷின் மாறிவிட்டது என்று விண்டோஸுக்கு எப்படித் தெரிகிறது? 2001 அக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோதுதான் வீட்டுப் பயனர்கள் எல்லோருக்கும் ஆக்டிவேஷன், அதாவது இந்த மெஷினில் இந்த விண்டோஸை ஓட்டலாம் என்று மைக்ரோசாஃப்ட்டிடம் பதிந்து ஒப்புதல் வாங்குவது, பழக்கமானது. அதற்கு முன்பு விண்டோஸ் 98 சிடி ஒன்று இருந்தால் தெருவுக்கே போதும். எக்ஸ்பி மெஷினுக்குள் பத்து விஷயங்களைப் பார்த்துக் குறித்துக்கொண்டது: ப்ராசஸர் என்ன வகை, நெட்வொர்க் கார்டின் முகவரி என்ன, ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எது என்று. எல்லாவற்றையும் சேர்த்துச் சுருக்கி ஒரு எண்ணாக்கி, கீயோடு சேர்த்து மைக்ரோசாஃப்ட்டுக்கு அனுப்பியது. அந்த எண்ணை வைத்து உங்கள் பாகங்கள் என்னென்ன என்று திரும்பக் கண்டுபிடிக்க முடியாது. முன்பு பார்த்த அதே மெஷின்தானா என்று மட்டும் ஒப்பிடலாம். ஒன்றிரண்டு பாகங்கள் மாறினால் கண்டுகொள்ளாது. நிறைய மாறினால் மறுபடி ஆக்டிவேட் செய் என்று கேட்கும். இன்றைக்கும் அடிப்படை இதுதான். மதர்போர்டுக்குக் கொடுக்கும் எடைதான் ஏறிவிட்டது.

பெரிய கம்பெனிகளின் ஓஇஎம் மெஷின்களுக்கு வேறு ஏற்பாடு. விண்டோஸ் 7 காலத்து பிராண்டட் லேப்டாப்பின் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் 25 எழுத்துக் கீ, தேய்ந்து பாதி அழிந்துபோய். உள்ளே ஓடிக்கொண்டிருந்தது அந்தக் கீ கிடையாது. அந்தக் கம்பெனி தயாரித்த லட்சக்கணக்கான மெஷின்களுக்கும் பொதுவான ஒரு கீயைப் போட்டு அனுப்புவார்கள். மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும் பயாஸ் என்ற மென்பொருளுக்குள் இருக்கும் கம்பெனி அடையாளமும் அந்தக் கீயும் பொருந்தினால் ஆக்டிவேஷன் தானாக நடந்துவிடும். 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது இது மாறியது. ஒவ்வொரு மெஷினுக்கும் தனிக் கீ, அதையும் தொழிற்சாலையிலேயே போர்டின் ஃபர்ம்வேருக்குள் (போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) எழுதிவிடுகிறார்கள். ஸ்டிக்கரில் கீ அச்சிடுவது நின்றது. இப்போது லேப்டாப்பை ஃபார்மட் செய்து விண்டோஸ் போட்டால் கீயே கேட்காமல் முடிந்துவிடுவது இதனால்தான். நம் ஊரில் விற்கும் பல லேப்டாப்புகளில் இருப்பது 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' என்ற பதிப்பு. நீங்கள் ப்ரோ போடலாம் என்று நினைத்திருந்தாலும், இன்ஸ்டாலர் ஃபர்ம்வேரில் இருக்கும் கீயைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்காமல் சிங்கிள் லாங்குவேஜையே போட்டுவிடும்.

பெரிய குழப்பம் விண்டோஸ் 10-ல் தொடங்கியது. 2015 ஜூலை 29 அன்று அது வந்தபோது, விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு ஒரு வருடத்துக்கு இலவசம் என்றார்கள். அப்படி மாறியவர்களுக்குத் தனிக் கீ எதுவும் தரப்படவில்லை. மெஷினின் அடையாள எண்ணை மைக்ரோசாஃப்ட் தன் சர்வரில் எழுதிவைத்துக்கொண்டது. அதுதான் டிஜிட்டல் லைசென்ஸ். அறிவிப்பின்படி 2016 ஜூலையோடு சலுகை முடிந்தது. ஆனாலும் பழைய கீகள் அதற்குப் பிறகும் பல வருடம் வேலை செய்துகொண்டுதான் இருந்தன. 2023 செப்டம்பரில்தான் அந்தக் கதவை உண்மையாகவே சாத்தினார்கள். விண்டோஸ் 7 பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டு, தேவைப்படும்போது 10 போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தவர்களுக்கு இன்று அந்தப் பெட்டியால் பயனில்லை. முன்பே மாறி டிஜிட்டல் லைசென்ஸ் வாங்கிக்கொண்டவர்களுக்குப் பாதிப்பில்லை.

தனிக் கீ இல்லாத இந்த மெஷின்களிலும் விண்டோஸுக்கு உள்ளே ஏதோ ஒரு கீ வேண்டுமே? எல்லோருக்கும் ஒரே பொதுக் கீயைப் போட்டுவிடுகிறது. ப்ரோ பதிப்பின் பொதுக் கீ '3வி66டி' என்று முடியும். கீயைக் கண்டுபிடித்துக் காட்டும் சின்ன மென்பொருள்கள் இணையத்தில் ஏராளம். பழைய மெஷினில் அதை ஓட்டி, வந்த 25 எழுத்தையும் ஒரு தாளில் அக்கறையாக எழுதிவைத்து, புது மெஷினில் தட்டிப் பார்த்து, ஆக்டிவேட் ஆகவில்லையே என்று நொந்துபோனவர்கள் நிறையப் பேர். அவர்கள் எழுதிவைத்தது உலகத்தில் கோடிக்கணக்கான மெஷின்களில் இருக்கும் அதே கீ. அதில் எந்த உரிமையும் இல்லை.

இதே மாதிரி இன்னொரு ஏமாற்றமும் உண்டு. பழைய மெஷினின் டிஸ்கைக் கழற்றிப் புது லேப்டாப்பில் மாட்டுகிறார்கள், விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியே வருகிறது. லைசென்ஸ் மாறிவிட்டது என்று சந்தோஷம். ஒன்றும் மாறவில்லை. அந்தப் புது லேப்டாப்புக்கு அதே பதிப்பில் சொந்தமாக ஒரு லைசென்ஸ் ஏற்கெனவே இருந்திருக்கிறது. அது தன் வேலையைச் செய்திருக்கிறது. அதே டிஸ்கை லைசென்ஸே இல்லாத அசெம்பிள்டு மெஷினில் மாட்டினால், திரையின் வலது கீழ் மூலையில் விண்டோஸை ஆக்டிவேட் செய்யுங்கள் என்ற மங்கலான எழுத்து வந்து நிற்கும்.

சரி, உங்களிடம் இருப்பது எந்த வகை என்று எப்படிப் பார்ப்பது? கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, எஸ்-எல்-எம்-ஜி-ஆர் என்ற ஐந்து எழுத்துகளை ஆங்கிலத்தில் சேர்த்து அடித்து, ஓர் இடம் விட்டு, ஒரு சாய்கோடு, அதை ஒட்டி டி-எல்-ஐ என்று அடித்து என்டர் தட்டுங்கள். சின்னப் பெட்டி ஒன்று வரும். அதில் விண்டோஸ் பெயருக்குக் கீழே 'ரீட்டெயில் சேனல்', 'ஓஇஎம்-டிஎம் சேனல்', 'வால்யூம்' என்று ஏதாவது ஒன்று இருக்கும். ஓஇஎம்-டிஎம் என்றால் போர்டுக்குள் எழுதப்பட்ட கீ. அதோடு விஷயம் முடிந்தது, அது நகராது. ரீட்டெயில் என்று வந்தால் அவசரப்பட்டு நிம்மதி அடையாதீர்கள். அதே பெட்டியில் கீயின் கடைசி ஐந்து எழுத்துகளும் இருக்கும். அது பொதுக் கீயின் முடிவாக இருந்தால், உங்கள் லைசென்ஸ் ஓஇஎம்-மிலிருந்து இலவசமாக மேம்பட்டதாகவும் இருக்கலாம். மேம்படுத்தினாலும் பழைய லைசென்ஸின் குணம் அப்படியே கூட வரும்: ரீட்டெயில் விண்டோஸ் 7-லிருந்து வந்த 10-ஐ மாற்றலாம், லேப்டாப்போடு வந்த 7-லிருந்து வந்த 10-ஐ மாற்ற முடியாது. இந்த வித்தியாசத்தை அந்தப் பெட்டி காட்டாது. பழைய பில்தான் காட்டும்.

ரீட்டெயில் என்று உறுதியாகிவிட்டால் மாற்றுவது கஷ்டமில்லை. பழைய மெஷின் இன்னும் ஓடுகிறது என்றால், அதே கட்டளையில் டி-எல்-ஐ இருந்த இடத்தில் யு-பி-கே என்று கொடுத்தால் கீ நீங்கிவிடும். இது சர்வருக்கு எந்தத் தகவலும் அனுப்புவதில்லை. அந்த மெஷினில் மட்டும்தான் நீக்குகிறது. மெஷின் எரிந்துபோய் நீக்க முடியாமலே போனாலும் பெரிய தடை இல்லாததற்குக் காரணம் இதுதான். புது மெஷினில் அதே பதிப்பைப் போட்டு, செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்துக்குப் போய்க் கீயைக் கொடுத்தால் பெரும்பாலும் ஒரே தடவையில் ஏறிவிடும். முன்பே பல தடவை பயன்படுத்திய கீ என்றால் சர்வர் மறுக்கலாம். அப்போது மைக்ரோசாஃப்ட்டின் உதவிப் பிரிவிடம் போக வேண்டும். வாங்கிய ஆதாரம் கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

கீ இல்லாமல் டிஜிட்டல் லைசென்ஸ் மட்டும் இருப்பவர்களுக்கு 2016 ஆகஸ்டில் வந்த அப்டேட் ஒரு வழி திறந்தது. விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்நுழைந்திருந்தால் லைசென்ஸ் அந்தக் கணக்கோடு இணைந்துகொள்ளும். புது மெஷினிலோ புதுப் போர்டிலோ ஆக்டிவேஷன் ட்ரபிள்ஷூட்டரை ஓட்டி, 'சமீபத்தில் இந்தச் சாதனத்தின் வன்பொருளை மாற்றினேன்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் கணக்கில் உள்ள மெஷின்களின் பட்டியல் வரும். பழைய மெஷினைச் சுட்டிக் காட்டலாம். ஆனால் இதைப் பழைய மெஷின் உயிரோடு இருக்கும்போதே செய்து வைத்திருக்க வேண்டும். போர்டு போன பிறகு இணைக்க முடியாது. லோக்கல் அக்கவுண்ட் மட்டும் வைத்துக்கொண்டு அசெம்பிள்டு மெஷினில் ரீட்டெயில் விண்டோஸ் ஓட்டுபவர்கள் இன்றைக்கே ஒருமுறை ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து, லைசென்ஸ் கணக்கோடு இணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அப்புறம், டிஸ்கையே கழற்றி மாட்டுவதாக இருந்தால் டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் மீட்புக் கீயை முதலில் எடுத்து வையுங்கள். புதுப் போர்டு அதைக் கேட்டு நிற்கும். அந்த நேரத்தில் லைசென்ஸ் போனதைவிடப் படங்கள் போவதுதான் வலிக்கும்.

போர்டோடு கட்டிப்போடுவது நியாயமா என்ற கேள்வி நீதிமன்றங்களுக்கும் போயிருக்கிறது. ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் 2000 ஜூலை 6 அன்று மைக்ரோசாஃப்ட்டுக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது. புதுக் கம்ப்யூட்டரோடு சேர்த்துத்தான் விற்க வேண்டும் என்று குறிக்கப்பட்ட ஓஇஎம் பிரதிகளைப் பெர்லின் வியாபாரி ஒருவர் தனியாக விற்ற வழக்கு அது. ஒருமுறை முறைப்படி விற்று வெளியே வந்துவிட்ட பிரதி அதற்கு மேல் எப்படிக் கைமாற வேண்டும் என்று தயாரிப்பாளர் கட்டுப்படுத்த முடியாது என்றது நீதிமன்றம். 2012 ஜூலை 3 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், ஆரக்கிள் நிறுவனத்துக்கும் யூஸ்டுசாஃப்ட் என்ற மறுவிற்பனை நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், டவுன்லோடு செய்து வாங்கிய மென்பொருளுக்கும் இது பொருந்தும் என்று சொல்லிவிட்டது. காலவரம்பில்லாமல் பயன்படுத்த ஒரே தொகை வாங்கினால் அது விற்பனைதான். ஒப்பந்தத்தில் லைசென்ஸ் என்று எழுதியிருந்தாலும் சரி. இரண்டு நிபந்தனைகள் மட்டும்: விற்பவர் தன்னிடம் உள்ள பிரதியைப் பயன்படுத்த முடியாமல் செய்துவிட வேண்டும், மொத்தமாக வாங்கிய லைசென்ஸை உடைத்துத் தேவைக்கு மிஞ்சியதை மட்டும் விற்கக் கூடாது. ஐரோப்பாவில் பழைய லைசென்ஸ் விற்பது வெளிப்படையான தொழிலாக நடப்பது இதன் பலத்தில்தான்.

அமெரிக்கா நேர் எதிர்ப் பக்கம் போனது. ஆட்டோகேட் மென்பொருளின் பழைய பிரதிகளை ஈபேயில் விற்ற ஒருவரின் வழக்கில், 2010 செப்டம்பரில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், வாங்கியவர் உரிமையாளர் இல்லை, பயன்படுத்த அனுமதி பெற்றவர் மட்டுமே, அதனால் மறுவிற்பனை உரிமை அவருக்கு இல்லை என்றது. இந்தியாவில் 2021 மார்ச் 2 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு ஒரு வரி வழக்கு. வெளிநாட்டு மென்பொருளை வாங்கி இங்கே விற்பவர் செலுத்தும் தொகை பதிப்புரிமைக்கான ராயல்டி ஆகாது, அது பொருள் விற்பனை என்று அதில் சொல்லப்பட்டது. ஓஇஎம் நிபந்தனை செல்லுமா என்ற கேள்வி அதில் எழவில்லை. என்னைக் கேட்டால் ஜெர்மானிய நீதிமன்றம் சொன்னதுதான் சரி. பழைய மெஷினில் விண்டோஸ் ஓடாது, புதியதில் ஒன்றே ஒன்றுதான் ஓடும். பிரதி பெருகவே இல்லை. இருந்தும் போர்டு மாறிய ஒரே காரணத்துக்காக இன்னொரு முறை காசு கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை. குறைந்த விலைக்குத்தானே ஓஇஎம் தருகிறோம் என்ற பதிலில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் அந்த விலைக்கு எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று வாங்கும் நேரத்தில் யாராவது சொன்னால்தான் அந்த நியாயம் முழுமையாகும். லேப்டாப் பெட்டியின் மேலே ப்ராசஸர், ராம் எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். இந்த விண்டோஸ் இந்த மெஷினை விட்டு நகராது என்று எங்கேயும் இருக்காது.

செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்குபவர்கள் இதைத் தெரிந்துகொள்வது இன்னும் அவசியம். சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் கிடைக்கும் பழைய மெஷின்களில் பல, கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழித்துக் கட்டியவை. அவற்றில் சில, கம்பெனி போட்ட எண்டர்பிரைஸ் பதிப்போடேயே கைக்கு வரும். வாங்கும் அன்று ஆக்டிவேட் ஆகியே இருக்கும். அது கம்பெனியின் வால்யூம் லைசென்ஸ். அதில் கேஎம்எஸ் என்ற முறையில் ஓடும் மெஷின்கள், கம்பெனிக்குள் இருக்கும் சர்வரோடு 180 நாளுக்குள் ஒருமுறையாவது பேச வேண்டும். அந்தச் சர்வர் உங்கள் வீட்டில் கிடையாது. சில மாதம் கழித்து ஆக்டிவேஷன் போய்விட்டது என்று கடைக்காரரிடம் போனால், அவர் ஆக்டிவேஷனை ஏமாற்றும் ஏதோ ஒரு கிராக்கைப் போட்டு அனுப்பிவிடுவார். வைரஸ் வர அதைவிட எளிய வழி வேறில்லை. அந்த மெஷினிலேயே முறையான லைசென்ஸ் ஒன்று பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும் என்பதுதான் இதில் வருத்தமான விஷயம். அலுவலக லேப்டாப்புகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது பெரும்பாலும் ப்ரோ பதிப்போடுதான் வரும், கீ ஃபர்ம்வேரில் இருக்கும். எண்டர்பிரைஸை அழித்துவிட்டு ப்ரோவைப் புதிதாகப் போட்டால், இணையத்தோடு சேர்ந்த சிறிது நேரத்தில் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். கிணறு வீட்டோடு வந்திருக்கிறது, திறந்து பார்த்தால் போதும்.

சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் விற்கும் 'லைஃப்டைம் கீ'களும் பெரும்பாலும் இந்த மாதிரிக் கூட்டுக் கணக்கிலிருந்து பிரித்து எடுத்தவைதான். எம்ஏகே என்ற ஒரு வகை நிறுவனக் கீ, இத்தனை மெஷின் வரை என்ற கணக்கோடு வரும். அதை உங்களுக்கும் இன்னும் பலருக்கும் விற்றிருப்பார்கள். ஆக்டிவேட் ஆகும், அதில் சந்தேகமில்லை. மைக்ரோசாஃப்ட் அந்தக் கீயை முடக்கும் நாள் எது என்று விற்றவருக்கும் தெரியாது. வேறு மெஷினுக்கு மாற்றும் உரிமை அதில் இருக்கிறதா என்று கேட்கவே வேண்டாம். உங்கள் பெயரில் லைசென்ஸ் என்று ஒன்று அதில் ஆரம்பத்திலிருந்தே இல்லை.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தபோது இந்தக் கட்டுப்பாட்டின் மோசமான முகம் வெளியே வந்தது. 10-ன் லைசென்ஸ் இருந்தால் 11-க்கு இலவசமாக மாறலாம். ஆனால் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை ப்ராசஸர் அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின் வைத்திருப்பவரிடம் லைசென்ஸ் தகுதியோடு இருக்கிறது, மெஷினுக்குத்தான் தகுதி இல்லை. லைசென்ஸ் ஓஇஎம் என்பதால் தகுதியுள்ள வேறு மெஷினுக்கு அதை எடுத்துப் போகவும் வழியில்லை. புது லேப்டாப் வாங்கினால் அதன் விலைக்குள் இன்னொரு விண்டோஸின் விலையும் சேர்ந்தே இருக்கும். கீபோர்டும் திரையும் நன்றாக இருக்கும் ஒரு மெஷின் குப்பைக்குப் போகிறது, கூடவே காசு கொடுத்து வாங்கிய உரிமையும் போகிறது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் மெஷினையாவது காப்பாற்றலாம். இணையம் பார்க்க, எழுத, படிக்க உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ அந்தத் தலைமுறை மெஷின்களுக்குத் தாராளமாகப் போதும். எந்த மெஷினுக்கு வேண்டுமானாலும் தூக்கிப்போகலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

அடுத்து கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யக் கொடுப்பவர்கள் கொட்டேஷனில் விண்டோஸ் என்று இருக்கும் வரியைப் பார்த்து, இது ஓஇஎம்மா ரீட்டெயிலா என்று கேளுங்கள். பதிலைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பல வருடம் அப்படியே ஓட்டப் போகிற ஆபீஸ் மெஷினுக்கு ஓஇஎம் போதும், கூடுதல் காசு வீண். கேம் விளையாட, வீடியோ எடிட் செய்ய என்று சில வருடத்துக்கு ஒருமுறை போர்டையும் ப்ராசஸரையும் மாற்றுகிறவர் என்றால், ரீட்டெயிலுக்குக் கொடுக்கும் அதிக விலை இரண்டாவது போர்டு மாற்றத்திலேயே பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். அந்தப் பில்லை ஒரு போட்டோ எடுத்து, கீ அட்டையின் போட்டோவோடு சேர்த்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். தெர்மல் பேப்பரில் அடித்த பில் இரண்டு கோடை தாங்காது.